பெயரோடு சென்ற மீன்கள்: தரங்கம்பாடி கிறிஸ்தோப் சாமுவேல் ஜானின் வாழ்வும் இயற்கை வரலாற்றுப் படங்களும்

முன்னுரை

காவிரிக் கழிமுகக் கடற்கரையின் உயிரினங்கள் ஐரோப்பிய அறிவியல் நூல்களில் படமாகவும் பெயராகவும் பெருமளவில் இடம்பெறத் தொடங்கிய காலம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியாகும். அக்கரையில் தரங்கம்பாடி டேனியர் ஆட்சியில் இருந்தது. அதற்குத் தெற்கேயுள்ள காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. ஆட்சிகள் வேறுபட்டாலும் கடல் ஒன்றே. கருக்களாச்சேரி முதலான காரைக்கால் மீனவர் ஊர்களும் தரங்கம்பாடியும் ஒரே கரைத்தொடரில் அமைந்தவை. மீன்பிடித் தொழிலாலும் மொழியாலும் ஒன்றுபட்டவை. அக்கரையின் மீன்களையும் அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் பெர்லின் நகரம் வரை கொண்டு சேர்த்தவருள் முதன்மையானவர் தரங்கம்பாடி மறைப்பணியாளர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் (1747–1813). ஔவையாரின் நீதிநூல்களை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தவராகவே தமிழாய்வுலகம் அவரைப் பெரிதும் அறியும். அவரது இயற்கை வரலாற்றுப் பணியும் தமிழ்ச்சொல் வரலாற்றுக்குச் சான்று தருவது என்பதை அவர் வாழ்க்கை வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தரங்கம்பாடி வருகையும் கல்விச் சூழலும்

ஜெர்மனியில் பிறந்து ஹாலே நகரில் பயின்ற ஜான், 1771இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1706இல் சீகன்பால்கு தொடங்கிய டேனிய-ஹாலே மறைப்பணி அப்போது 65 ஆண்டுகளைக் கடந்திருந்தது. தமிழ் கற்றல், ஏடு திரட்டல், அச்சிடல் ஆகியவை அங்கு மரபாகியிருந்தன. அம்மரபோடு இயற்கை ஆய்வும் இணைந்த காலத்தில் ஜான் அங்கு வந்தார். லின்னேயசின் மாணவரான யோகான் கெரார்டு கேனிக் (1728–1785) 1768 முதல் அங்கு மருத்துவராகப் பணியாற்றி, தாவரங்களைத் திரட்டி வகைப்படுத்தும் முறையைப் பரப்பியிருந்தார். 1776இல் வந்த ரோட்லர் (1749–1836) செடிகளைத் திரட்டியதோடு, பிற்காலத்தில் பெரியதொரு தமிழ்-ஆங்கில அகராதியையும் தொகுத்தார். செடியின் பெயரைக் கேட்டெழுதுவதும் அகராதிக்குச் சொல் தொகுப்பதும் ஒருவரே செய்த பணிகளாக அங்கு அமைந்தன. ஜானின் ஈடுபாடும் இச்சூழலில் உருவானதேயாகும்.

செடிகளைவிடக் கடல்வாழ் உயிரினங்கள் ஜானைக் கவர்ந்தன. தரங்கம்பாடியிலிருந்து சென்ற சிப்பிகளும் சங்குகளும் கோபன்ஹேகனில் வாழ்ந்த கெம்னிட்சு எழுதிய சிப்பியியல் நூலுக்குப் பயன்பட்டன. ஜான் அனுப்பிய பாம்பொன்றைப் பாட்ரிக் ரசல் தம் நூலில் 1801இல் விளக்கி, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். தமிழில் மண்ணுளிப் பாம்பு எனப்படும் அது இன்றும் எரிக்ஸ் ஜானீ என்றே வழங்குகிறது.

பெர்லினுக்குச் சென்ற மீன்கள்

பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் புளோக் (1723–1799) உலக மீன்கள் அனைத்தையும் படத்துடன் விளக்கும் பெருநூலொன்றை 1782 முதல் 1795 வரை 12 பகுதிகளாக வெளியிட்டார். அதில் 432 வண்ணப்படங்கள் உள்ளன. தம் ஊரை விட்டுக் கீழைக்கடல்களுக்குச் செல்லாத புளோக், அயல்நாட்டு மீன்களுக்குக் கடிதத் தொடர்புடையோரையும் வணிகரையும் பழைய ஓவியங்களையும் நம்பியிருந்தார். தமிழகக் கரையில் அவருக்கு வாய்த்த துணை ஜான்.

இத்தகைய படமொன்று உருவாக மூன்று தேவை: உடல், நிறம், பெயர். மீனின் உடலைச் சாராயத்தில் இட்டு அனுப்ப இயலும். ஆனால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா சேரப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் மீனின் நிறம் பெரிதும் மங்கிவிடும். செதில், முள், துடுப்பு ஆகியவற்றை எண்ணி வரையலாமேயன்றி, உயிருள்ள மீனின் நிறத்தைச் சாராயக் குடுவையைப் பார்த்து மட்டும் தீட்ட முடியாது. ஆதலால் கரையில் மீனைப் புதிதாகக் கண்டவரின் குறிப்பு உடலைப் போலவே இன்றியமையாததாயிற்று. பெயரும் அவ்வாறே. அதனைப் பிடித்தவர், விற்றவர், உண்டவர் ஆகியோரிடம் கேட்டறிந்தாலன்றி அதனைப் பெற வழியில்லை.

கரையிலிருந்து குறிப்பு வராத இடத்தில் நேர்ந்த பிழை இதனைத் தெளிவாக்கும். நிலத்தில் ஊர்ந்து செல்லவல்ல பனையேறிக் கெண்டையை 1792இல் விளக்கிய புளோக், அதன் தாயகம் ஜப்பான் என்று குறித்தார். ஜப்பானில் அம்மீன் இயல்பாக வாழ்வதில்லை. படம் இருந்தது, பிறந்த ஊர் பிழைபட்டது. அதே மீனைத் தரங்கம்பாடியில் பணிபுரிந்த டேனியப் படையலுவலர் டால்டார்ஃப், 1791 நவம்பரில் குளக்கரைப் பனையொன்றில் ஏறக் கண்டதாக எழுதினார். அக்கட்டுரை இலண்டன் லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் 1797இல் வந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற செய்திகளில் பனையேறி என்னும் தமிழ்ப்பெயரும் இடம்பெற்றது. மீன் மரமேறுவது பற்றிப் பிற்கால அறிஞர் ஐயுற்றனர் எனினும், மீனும் பெயரும் எந்த மண்ணுக்குரியவை என்பதில் ஐயம் எழவில்லை.

இலத்தீனில் தங்கிய தமிழ்

ஜான் அனுப்பிய மீன்களுக்கு நன்றியாகப் புளோக் 1793இல் ஒரு பேரினத்திற்கே ஜோனியஸ் என்று பெயரிட்டார். கத்தாளை மீன்களைக் கொண்ட பேரினம் அது. முன்னதாக 1792இல் சங்கரா வகையைச் சேர்ந்த மீனொன்றுக்கும் ஜானின் பெயரைச் சூட்டியிருந்தார்; அது இன்று லுட்ஜானஸ் ஜானீ எனப்படுகிறது. ரோட்லரின் பெயரும் ஒரு மீனுக்கு இடப்பட்டது.

ஜோனியஸ் பேரினத்துள் புளோக் விளக்கிய ஒரு மீனின் பெயர் ஜோனியஸ் கருட்டா. கறுத்த கத்தாளை என்னும் தமிழ்ப்பெயரிலிருந்து அது அமைந்தது. இங்குக் கருதத்தக்கது அதன் இலக்கண நிலை. தமிழில் கறுத்த என்பது பெயரெச்சம். கத்தாளை என்னும் பெயரைத் தழுவியே அது பொருள் நிரம்பும். இலத்தீனில் தழுவப்பட்ட பெயர் நீங்க, எச்சம் மட்டும் சிற்றினப் பெயராக நிலைத்துவிட்டது. உடன் நின்ற தமிழ்ப்பெயரின் இடத்தில் ஜானின் பெயர் வந்து அமர்ந்தது.

நன்னீர் மீன்களிலும் இது நிகழ்ந்தது. புளோக் 1793இல் விளக்கிய பாம்புத்தலை மீன்கள் இரண்டும் தமிழகக் குளங்களுக்கும் வயல்வாய்க்கால்களுக்கும் உரியவை. அவற்றின் தமிழ்ப்பெயர்களைப் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் 1801இல் அறிவியல் பெயர்களாகவே ஆண்டார். அவற்றுள் வ்ரால் என்பது விரால். கர்ருவேய் என்பது குறவை என்பதன் திரிபாகக் கொள்ளத்தக்கது. விரால் என்பதன் முதலுயிர் குறுகி வ்ரால் என ஒலிப்பது பேச்சுவழக்கு. ஏட்டு வடிவை விடுத்துச் செவிப்பட்ட வடிவே எழுதப்பட்டது என்பதற்கு இது சான்றாகும். முந்தைய முன்னுரிமைப் பெயர்கள் இருந்தமையால் இவ்விரண்டும் இன்று வழக்கிழந்து இணைப்பெயர்ப் பட்டியலில் மட்டும் உள்ளன. கருட்டா மட்டும் வழக்கில் உள்ளது.

அக்கால ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் மலபார் என்னும் சொல்லால் சுட்டினர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. எனவே அக்கால நூல்களில் மலபார் என்னும் இடக்குறிப்பு மேலைக்கடற்கரையை மட்டுமன்றிச் சோழமண்டலக் கரையையும் குறிக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாதார் மீனின் வாழிடத்தை எதிர்க்கரையில் தேட நேரும்.

ஔவையாரும் ஊர்ப்பள்ளிகளும்

மீன்பெயர்களைக் கேட்டறிந்த ஜான், தமிழ்ச் சிறுவர் பயிலும் நூல்களையும் அதே கவனத்துடன் நோக்கினார். ஔவையாரின் வாழ்வையும் நூல்களையும் பற்றிய அவரது கட்டுரை, கல்கத்தா ஆசியக் கழக வெளியீட்டின் ஏழாம் தொகுதியில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கல்வியொழுக்கம் ஆகியவற்றின் மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. இறுதிக்காலத்தில் 15 தமிழ்ப் பள்ளிகளையும் 5 ஆங்கிலப் பள்ளிகளையும் கட்டணமின்றி நடத்திய பட்டறிவை அவர் எழுத, அது 1813இல் இலண்டனில் நூலாயிற்று. அவ்வாண்டிலேயே தரங்கம்பாடியில் அவர் காலமானார்.

இப்பணிகளுக்குள் ஓர் ஒப்புமை உண்டு. ஆத்திசூடி ஏட்டில் இருந்தது, திண்ணைப்பள்ளிகளில் ஓதப்பட்டது, அதனை இயற்றியவராக ஔவையாரின் பெயர் உடன் சென்றது. மீனறிவு ஏட்டில் ஏறவில்லை. தொழில் செய்வோர் நாவில் வழங்கியது. அதனால் அதற்கு உரியவர் பெயர் எதுவும் உடன் செல்லவில்லை.

முடிவுரை

ஜானின் பெயர் ஒரு பேரினத்திலும் ஒரு மீனிலும் ஒரு பாம்பிலும் நிலைத்துள்ளது. புளோக்கின் மீன் தொகுப்பு பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. மீனைப் பிடித்துப் பெயர் சொன்ன மீனவர் எவரும் இப்பெயர்களில் நினைக்கப்படவில்லை. அவர்தம் பங்களிப்புக்கு எஞ்சிய சான்று அவர்கள் சொன்ன சொற்களே. ஆதலின் அறிவியல் பெயர்களும் அவற்றின் இணைப்பெயர்ப் பட்டியல்களும் விலங்கியலாருக்கு மட்டும் உரியவை அல்ல. ஆண்டு குறிக்கப்பட்ட பேச்சுத்தமிழ்ச் சான்றுகளாகத் தமிழ்ச் சொல்லாய்வாளரும் அவற்றைக் கொள்ளுதல் வேண்டும். தரங்கம்பாடி முதல் கருக்களாச்சேரி வரையுள்ள கரையில் இன்று வழங்கும் மீன்பெயர்களைத் திரட்டி, 1793ஆம் ஆண்டின் வடிவங்களோடு ஒப்பிட்டால், இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் நிகழ்ந்த ஒலி, பொருள் மாற்றங்களை அறிய இயலும். பெயர் சொன்னவர்க்கு உரிய இடத்தை அளிக்கும் வழியும் அதுவேயாகும்.