டிகிரி வாங்காத ‘டாக்’: மத்தி மீன் காணாமல் போனபோது கணக்குப் போட்ட எட் ரிக்கெட்ஸ் யார்?

அமெரிக்காவின் கலிபோர்னியா கரையில் மான்டரே என்று ஓர் ஊர். அந்த வட்டாரத்தில் உள்ள கடல் ஆய்வு நிறுவனத்தில் 4,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் ரோபோ ஒன்று இருக்கிறது. கடலடியில் ஊர்ந்து திரியும் கடல் அட்டை, நட்சத்திர மீன், பேய்க்கணவாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து மேலே அனுப்புவதுதான் அதன் வேலை. ரோபோவின் பெயர் ‘டாக் ரிக்கெட்ஸ்’.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. காலேஜில் சேர்ந்தார், ஆனா டிகிரி வாங்கவில்லை. நட்சத்திர மீன், தவளை, பூனை என்று பிடித்ததையெல்லாம் பதப்படுத்தி, பள்ளி, கல்லூரி லேப்களுக்கு விற்றுப் பிழைத்தவர். அப்படிப்பட்டவர் பெயரை இன்றைய கடல் விஞ்ஞானிகள் ஏன் தூக்கிப் பிடிக்கிறார்கள்?

எட்வர்ட் ரிக்கெட்ஸ் பிறந்தது 1897 மே 14, சிகாகோவில். கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. முதல் உலகப் போரின்போது ராணுவ மருத்துவப் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகம். அங்கே டபிள்யூ.சி. ஆலி என்ற பேராசிரியரிடம் படித்ததுதான் திருப்பம். விலங்குகள் ஏன் கூட்டமாக வாழ்கின்றன, ஒன்றாக இருப்பதால் அவற்றுக்கு என்ன லாபம் என்பதுதான் ஆலியின் ஆராய்ச்சி. ஓர் உயிரைத் தனியாகப் பார்க்காதே, அது யாரோடு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று பார் என்ற பாடம் ரிக்கெட்ஸ் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. நடுவில் படிப்பை விட்டுவிட்டு அமெரிக்காவின் தென்மாநிலங்கள் வழியாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தே போனதும் உண்டு. அந்த அனுபவத்தைப் பின்னாளில் ஒரு பயணப் பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார்.

1923-ல் மனைவியோடு கலிபோர்னியா வந்தார். கல்லூரி நண்பருடன் சேர்ந்து பசிபிக் பயலாஜிக்கல் லேபரட்டரீஸ் என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த வருஷமே நண்பர் விலகிவிட, முழுப் பொறுப்பும் ரிக்கெட்ஸ் தலையில். பின்னர் கம்பெனி மான்டரேயின் ஓஷன் வியூ அவென்யூவுக்கு மாறியது. இரு பக்கமும் மத்தி மீனை டின்னில் அடைக்கும் கேனரிகள். தெரு முழுக்க மீன் வாசனை, ஷிஃப்ட் சங்கு, ஓயாத சத்தம். இவருடைய லேபும் வீடும் நடுவில் ஒரே கட்டடத்தில். வியாபாரம் என்னவோ சுமார்தான். கடன் எப்போதும் இருந்தது.

காண்டாக்ட் லிஸ்ட் இல்லை, மேப்

விற்பதற்கு உயிரினங்கள் வேண்டும். அதனால் கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்து, அது விடியற்காலை 3 மணியானாலும், வாளியோடு பாறைக்குப் போக வேண்டும். வருஷக்கணக்கில் இதையே செய்ததில் ரிக்கெட்ஸுக்கு ஒரு விஷயம் புரிந்தது. எந்த உயிர் எங்கே கிடைக்கும் என்பது குருட்டாம்போக்கு அல்ல. மூன்று விஷயங்கள் அதை முடிவு செய்கின்றன: அலை எவ்வளவு வேகமாக அடிக்கிறது, அடியில் இருப்பது பாறையா மணலா சேறா, கடல் வற்றும்போது அந்த இடம் எத்தனை மணி நேரம் வெயிலில் காய்கிறது.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனா அந்தக் கால அமெரிக்கக் கடல் உயிரியல் புத்தகங்களில் பெரும்பாலானவை குடும்பம் வாரியாக எழுதப்பட்டவை. நண்டெல்லாம் ஓர் அத்தியாயம், நத்தையெல்லாம் இன்னொரு அத்தியாயம். போனில் இருக்கும் காண்டாக்ட் லிஸ்ட் மாதிரி, பெயர் தெரிந்தால் தேடலாம். ரிக்கெட்ஸ் எழுத நினைத்தது மேப். அலை நேரடியாக மோதும் பாறையில் நின்றால் உங்கள் காலடியில் யார் யார், சேற்று உப்பங்கழியில் யார் யார், துறைமுகத்து மரத்தூணில் யார் யார் என்று இடம் வாரியாகச் சொல்லும் புத்தகம். ஆளி, கொட்டலசு, நட்சத்திர மீன் மூன்றும் அலையடிக்கும் பாறையில் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன, இவர்கள் ஒரே தெருக்காரர்கள் என்று எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து ராபர்ட் பெய்ன் என்ற விஞ்ஞானி வாஷிங்டன் மாநிலக் கரையில் அந்த நட்சத்திர மீனை மட்டும் பாறையிலிருந்து எடுத்து வீசிப் பார்த்தார். ஆளிகள் பெருகி மற்ற உயிர்களை நெருக்கித் தள்ளிவிட்டன. ரிக்கெட்ஸ் பார்த்த கூட்டணிக்குள் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

புத்தகம் சுலபமாக வெளிவரவில்லை. பட்டம் இல்லாத ஒரு சாம்பிள் வியாபாரி, அதுவும் வழக்கத்துக்கு மாறான வரிசையில் எழுதியிருக்கிறார் என்றால் பல்கலைக்கழகப் பதிப்பகம் தயங்காதா? பக்கத்திலேயே இருந்த ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தின் இயக்குநருக்கும் அந்த அமைப்பு பிடிக்கவில்லை. கையெழுத்துப் பிரதி ஸ்டான்ஃபோர்டு பதிப்பகத்தில் வருஷக்கணக்கில் கிடந்தது. அதுவே ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். 1936 நவம்பர் 25 அன்று பக்கத்து கேனரியில் பற்றிய தீ லேபையும் விழுங்கிவிட்டது. நூலகம், குறிப்புகள், கடிதங்கள் எல்லாம் சாம்பல். பதிப்பகத்தில் இருந்த பிரதி மட்டும் தப்பியது. ஜாக் கால்வினுடன் சேர்ந்து எழுதிய ‘பிட்வீன் பசிபிக் டைட்ஸ்’ ஒருவழியாக 1939-ல் வந்தது. அந்தக் கரையின் கடல் உயிரியல் மாணவர்கள் கையில் அது பல பதிப்புகளாக இன்றும் புழங்குகிறது.

ஹீரோ ஆனதும் ஒரு சங்கடம்

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கை ரிக்கெட்ஸ் சந்தித்தது 1930-ல். ராத்திரி முழுக்க லேபில் பீர், பாட்டு, தத்துவப் பேச்சு என்று நட்பு இறுகியது. 1940 மார்ச்சில் இருவரும் வெஸ்டர்ன் ஃப்ளையர் என்ற மத்தி பிடிக்கும் படகை வாடகைக்கு எடுத்து மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். ஆறு வாரத்தில் சுமார் 4,000 மைல். 20-க்கும் மேற்பட்ட இடங்களில் கடல் வற்றியதும் இறங்கி, 500-க்கும் அதிகமான உயிரின வகைகளைச் சேகரித்து, எது எங்கே எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்தார்கள். குவாய்மாஸ் பக்கத்தில் ஜப்பானிய இறால் படகுகள் கடலடியை வலையால் சுரண்டி, இறாலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மீன்களைச் செத்த நிலையில் கடலில் கொட்டுவதையும் நேரில் பார்த்தார்கள்.

பயண நூல் வெளிவந்தது 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே மாதம். யார் படிப்பார்கள்? 1945-ல் ஸ்டைன்பெக் எழுதிய ‘கேனரி ரோ’ நாவலில் வரும் ‘டாக்’ பாத்திரம் ரிக்கெட்ஸை அப்படியே உரித்து வைத்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் லேப் வாசலில் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1951-ல், ரிக்கெட்ஸ் இறந்த பிறகு, அந்தப் பயண நூலின் கதைப் பகுதி மட்டும் தனியாக ஸ்டைன்பெக் பெயரில் மறுபதிப்பானது. ரிக்கெட்ஸ் உழைத்துத் தொகுத்த உயிரினப் பட்டியல் அதில் இல்லை. நண்பரைப் பற்றி ஸ்டைன்பெக் உருகி எழுதிய முன்னுரை இருந்தது என்னவோ உண்மை. ஆனாலும் அந்தக் கதைப் பகுதியில் பெரும்பங்கு ரிக்கெட்ஸின் நாட்குறிப்பிலிருந்து வந்தது என்பதை நினைத்தால், இது கொஞ்சம் அநியாயம்தான்.

மத்தி எங்கே போனது?

ரிக்கெட்ஸின் கடைசி வருஷங்களில் மான்டரேவுக்கு ஒரே கவலை: மத்தி. 1936-37 சீசனில் பசிபிக் கரை முழுவதும் பிடிபட்ட மத்தி 7 லட்சம் டன்னுக்கு மேல். மாநில மீன்வளத் துறை விஞ்ஞானிகள் பாதுகாப்பான அளவாகச் சொன்னது சுமார் இரண்டரை லட்சம் டன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. டின் மீனைவிட, மீனை அரைத்துக் கோழித் தீவனமும் உரமும் எண்ணெயும் எடுப்பதில் லாபம் கொழித்தது. மாநிலச் சட்டம் தடுத்தால் எல்லைக்கு வெளியே கப்பலை நிறுத்தி அங்கேயே அரைத்தார்கள். போர்க்காலத்தில் மான்டரேயில் மட்டுமே 2 லட்சம் டன்னைத் தாண்டிய சீசன்கள் உண்டு. பிறகு திடீரென ஒரு சரிவு. 1946-47-ல் மான்டரேவுக்கு வந்தது சுமார் 30,000 டன்தான். அடுத்த சீசன் அதைவிட மோசம்.

முதலாளிகள் ஒரு பக்கம்: மீன் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, திரும்பி வரும். விஞ்ஞானிகளுக்குள்ளும் சண்டை: சிலர் வலையைக் குற்றம் சொன்னார்கள், சிலர் கடலை. ரிக்கெட்ஸுக்கு இந்த ‘இதுவா அதுவா’ கேள்வியே தப்பாகப் பட்டது. பக்கத்து வீட்டுக்காரரான கேனரிகளின் கணக்கு அவருக்கு அத்துப்படி. போதாக்குறைக்கு, வருமானத்துக்காக ஒரு கேனரியில் கெமிஸ்டாகவும் வேலை பார்த்தார். உள்ளூர் நாளிதழில் 1946 முதல் 1948 வரை மத்தியைப் பற்றி எழுதினார்.

அவர் போட்ட கணக்கு இதுதான். கலிபோர்னியா கரையில் காற்று மேல்நீரைத் தள்ளும்போது அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே எழும்பும். அதில்தான் மத்தியின் உணவான பிளாங்டன் பெருகும். இது எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. நல்ல வருஷத்தில் குஞ்சுகள் நிறைய தப்பும், கெட்ட வருஷத்தில் தப்பாது. பல வயது மீன்கள் கடலில் இருந்தால், கெட்ட வருஷங்களை வயதான மீன்கள் தாங்கிப் பிடித்துவிடும். ஆனா வலைகள் அந்த வயதான மீன்களை ஏற்கெனவே துடைத்தெடுத்துவிட்டன. பெரிய, வயதான மத்திகள்தான் கோடையில் கனடா வரை வடக்கே நீந்திப் போகும். அதனால் வடக்கில் முதலில் மீன் குறைந்தது என்பதே ஓர் அபாய மணி. சேமிப்பு முழுவதையும் செலவழித்த பிறகு வேலை போனால் ஒரு குடும்பம் என்ன ஆகும்? மத்திக்கு நடந்தது அதுதான். இதைச் சரிபார்க்கவே 1945-லும் 1946-லும் கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் போய் வந்தார். 1948 கோடையில் ஸ்டைன்பெக்குடன் மறுபடியும் வடக்கே போய், மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரையிலான கரையின் கணக்கை முடிக்கத் திட்டம்.

அந்தக் கோடை வரவில்லை. 1948 மே 8, மாலை மங்கும் நேரம். ரிக்கெட்ஸ் தன் பழைய பியூக் காரில் லேபிலிருந்து கிளம்பி, சில நூறு அடி தள்ளியிருந்த ரயில்வே கிராஸிங்கைத் தாண்டும்போது டெல் மான்டே எக்ஸ்பிரஸ் ரயில் மோதியது. மூன்று நாள் உயிருக்குப் போராடி, மே 11-ல் இறந்தார். 51-வது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவர் விட்டுப்போன கணக்கு

மத்தி விவகாரத்தில் ரிக்கெட்ஸ் சொன்னது எவ்வளவு சரி என்பதற்குச் சாட்சி கடலடியிலேயே இருந்தது. தெற்கே சான்டா பார்பரா படுகையின் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. சேற்றைக் கிளறும் புழுக்கள்கூட அங்கே பிழைக்காது. அதனால் வருஷா வருஷம் படியும் மண் கலையாமல், புத்தகப் பக்கம் மாதிரி அடுக்கடுக்காக நிற்கிறது. அந்தப் பக்கங்களுக்கு நடுவே மத்தியின் செதில்கள்! அவற்றை எண்ணிய விஞ்ஞானிகள் 1992-ல் சுமார் 1,700 வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். மனிதன் வலை வீசுவதற்கு வெகு காலம் முன்பே மத்தி ஏறத்தாழ 60 வருஷத்துக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வந்திருக்கிறது. ஆக, கடலும் காரணம், வலையும் காரணம். 1967-ல் கலிபோர்னியா மத்தி பிடிக்கத் தடை போட்டது. பல பத்தாண்டுகள் கழித்து மீன் திரும்பியது, தொழிலும் திரும்பியது. 2015-ல் மறுபடி சரிந்து மறுபடி மூடினார்கள்.

பாறையோர உயிர்களின் கதை வேறு மாதிரி. 1930-களின் தொடக்கத்தில் ஹாப்கின்ஸ் நிலையத்தில் ஆய்வு மாணவராக இருந்த வில்லிஸ் ஹீவாட், பாறையில் பித்தளை போல்ட் அடித்து ஒரு கோடு குறித்து, அதன் மேல் இருந்த உயிர்களை ஒவ்வொன்றாக எண்ணியிருந்தார். 60 வருஷம் கழித்து இரண்டு மாணவர்கள் அந்த போல்ட்களைத் தேடிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் திரும்ப எண்ணினார்கள். தெற்கத்தி, அதாவது வெதுவெதுப்பான கடலைச் சேர்ந்த 9 வகைகளில் 8 பெருகியிருந்தன. குளிர்ந்த வடக்கைச் சேர்ந்த 8 வகைகளில் 5 குறைந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கரையின் சராசரி நீர் வெப்பம் 0.75 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. 1995-ல் இது வெளியானபோது, கடல் சூடானால் உயிர்கள் இடம் மாறும் என்ற பேச்சுக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆதாரம் கிடைத்தது.

அந்த இரு மாணவர்களில் ஒருவரான ரேஃப் சாகரின், 2004-ல் ஒரு குழுவோடு ரிக்கெட்ஸின் 1940 பயணத்தை அப்படியே திரும்பச் செய்தார். கையில் வரைபடமாக இருந்தது ரிக்கெட்ஸின் பட்டியல்தான், 1951 மறுபதிப்பில் இடம்பெறாத அதே பட்டியல். பல கடல் நத்தைகளும் முட்தோலி வகைகளும் எண்ணிக்கையிலும் உருவத்திலும் சுருங்கியிருந்தன. 1940-ல் போன இடமெல்லாம் பாறையில் ஒட்டிக் கிடந்த, நிறைய கைகள் கொண்ட சூரிய நட்சத்திர மீன், 1978-ல் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடானபோது கொத்துக் கொத்தாகச் செத்திருந்தது. முன்பு எவ்வளவு இருந்தது என்று ஒருவர் எழுதி வைத்ததால்தான் எவ்வளவு போனது என்று சொல்ல முடிந்தது.

அந்த 1978-ல்தான் ரிக்கெட்ஸின் கனடா பயணக் குறிப்புகளும் முதன்முறையாகப் புத்தகமாயின. வெஸ்டர்ன் ஃப்ளையர் படகு பல கை மாறி, பெயர் மாறி, ஒருமுறைக்கு மேல் தண்ணீரில் மூழ்கி, வாஷிங்டன் மாநிலத்தில் துருவும் சேறுமாகக் கிடந்தது. அதை மீட்டுப் பழுதுபார்த்து, 2023 நவம்பரில் மான்டரேவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாணவர்களை ஏற்றிக்கொண்டு கடல் ஆய்வுக்குப் போவதுதான் இப்போது அதன் வேலை.