மாண்டிசோரி அம்மையாரும் மழலையர் தோட்டமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் முளைக்கும் பயிருக்கு மண்ணும் நீரும் ஒளியும் வேண்டுமே! அவற்றை அளிக்க வேண்டியவர் யார்? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். தொட்டும் நடந்தும் மண்ணில் அளைந்தும் வளர்வதற்குக் குழந்தைக்கு ஏற்ற ஓர் இடம் வேண்டும் என்று உலகுக்கு உணர்த்திய இவர், நம் தமிழகத்திலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிறப்பும் கல்வியும்

மரியா, 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க அலுவலர். தாய் நூல்களைப் பெரிதும் நேசித்தவர். மரியாவின் இளம்பருவத்திலேயே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் மேற்படிப்புப் படிப்பதே அரிது. மரியாவோ முதலில் பொறியியல் படிக்க விரும்பி ஆண்கள் படிக்கும் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். தந்தை இசையவில்லை, தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிரேதப் பரிசோதனை செய்வது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், எல்லாரும் சென்றபின் அவர் தனியாக அமர்ந்து அப்பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. அந்த அறையை நினைத்தாலே நமக்கு உடல் நடுங்குகிறது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. 1896-இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

வெறுங்கைகள்

மனநலப் பிரிவில் பணியாற்றியபோது அவர் கண்ட ஒரு காட்சி அவர் வாழ்வையே மாற்றியது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஓர் அறையில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைப் பார்த்துக் காவல் பெண் அருவருப்புடன் குறை கூறினாள். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மையில்லை, ஒரு கட்டையில்லை. தொடுவதற்கு அத்துணுக்குகளைத் தவிர வேறொன்றுமே இல்லை! அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று, கைகளின் பசி என்று அவர் உணர்ந்தார். அவர்களுக்கென்று தனிக் கருவிகளை அமைத்துப் பயிற்றுவித்தார். அவர்களுட் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றக் குழந்தைகளோடு தேர்வெழுதித் தேறியதைக் கண்டு ஊர் வியந்தது. அவரோ, நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு அடக்கி வைத்திருக்கின்றன என்று எண்ணி வருந்தினார்.

குழந்தைகள் இல்லம்

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் வாழ்ந்த பகுதி. அங்குள்ள குடியிருப்புகளைச் செப்பனிட்ட நிறுவனத்தாருக்கு ஒரு கவலை. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறுபிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கினர். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. 1907 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, சுமார் 50 குழந்தைகளுடன் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் அவர் வருமுன்பே குழந்தைகள் வேண்டியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது திருட்டாகப்பட்டது. அம்மையாருக்கோ அது பாடமாகப்பட்டது. அதன்பின் பூட்டிய அலமாரிக்குப் பதில் குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகள் வந்தன. பிள்ளைகளே தூக்கக்கூடிய சிறு நாற்காலிகளும் மேசைகளும் வந்தன.

கட்டடத்தின் முற்றம் தோட்டமாயிற்று. ஜெர்மானிய அறிஞர் பிரோபெல் 1840-இலேயே தம் மழலையர் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரைச் சூட்டியிருந்தார். மாண்டிசோரி அம்மையார் அதற்கு மேலும் ஒரு படி சென்றார். தோட்டம் வகுப்பறையை ஒட்டியே இருக்க வேண்டும். மணியடிக்கும்வரை காத்திராமல், நாள் முழுவதும் குழந்தை விரும்பியபோது வெளியே போகவும் உள்ளே வரவும் வேண்டும். விளையாடவும் உறங்கவும் நிழற்பந்தல் வேண்டும். குழந்தை தானே விதைத்து, நீரூற்றிக் காத்திருந்து முளை வருவதைக் காண வேண்டும் என்றார். பொறுமை என்னும் பாடத்தைச் செடியைவிட நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் யார்?

தாயின் துயரம்

ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் இல்லம் அமைத்த அம்மையார், தம் சொந்த மகனைத் தம் இல்லத்தில் வளர்க்க இயலவில்லை. 1898-இல் பிறந்த மாரியோ, சமூகத்தின் பழிச்சொல்லுக்கு அஞ்சி நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்கப்பட்டார். அம்மையார் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். பிள்ளை பதினைந்து வயதை எட்டும் பருவத்தில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின்னும் நெடுங்காலம் மகன் என்று வெளிப்படையாகக் கூற முடியவில்லை. தாயின் நிழலாக நின்று அவர் பணிக்கு வலக்கையாக விளங்கியவர் இந்த மாரியோவே.

தமிழகத்தில்

முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் அம்மையார் 1934-இல் இத்தாலியை விட்டு நீங்கினார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூளவே அங்கிருந்தும் வெளியேறி ஹாலந்து சேர்ந்தார். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 69-ஆம் வயதில் மகனுடன் சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் வந்திருந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டுக் குடிகளாயினர். அரசினர் மாரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டு சென்றனர். அம்மையார் சபையின் வளாகத்திற்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. பிரிந்து வாழ்ந்த தாயும் மகனும் மீண்டும் பிரிந்தனர்! ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளுக்கு வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை அவரிடமே அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. உலகம் நெடுங்காலம் மறுத்த மகன் என்னும் சொல்லை அந்தத் தந்தி தாங்கி வந்தது.

சென்னையின் வெயில் தாளாமல் 1942-இல் அவர்கள் கொடைக்கானலுக்குச் சென்றனர். திருச்சியிலிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கோடை விடுமுறைக்கு நாம் செல்லும் அதே மலைதான். அங்கே ஒரு சிறு பள்ளி நடந்தது. பெரிய பிள்ளைகளும் சிறிய பிள்ளைகளும் ஒன்றாகக் கற்றனர். இலைகள், பூச்சிகள், குளத்து நீர், மண் ஆகியவையே பாடநூல்கள். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன என்னும் ஆசிரியை உறுதுணையாக இருந்தார். எறும்பு முதல் விண்மீன் வரை யாவும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன என்னும் அவருடைய கல்விக் கொள்கை இந்த மலைக்காட்டில்தான் தழைத்தது.

இறுதி நாட்கள்

போர் முடிந்தபின் 1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர், மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். அவ்வாண்டு சென்னையில் வெளியான அவருடைய நூல் இன்றும் ஆசிரியர்களால் கற்கப்படுகிறது. 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில் கடற்கரை ஊர் ஒன்றில் மறைந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். தம் உயிலில் மாரியோவை மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.

எங்கள் கொல்லையில்

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு நீண்ட கொல்லை உண்டு. கிணறும் வேப்பமரமும் துவைக்கும் கல்லும் அங்கு உள்ளன. நான்கு வயதான என் தம்பி அங்கு ஓடினால் நான்தான் முதலில் அதட்டுவேன். ஒருநாள் அவன் மண்ணில் வாய்க்கால் வெட்டி நீர் விட்டுக்கொண்டிருந்தான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான், சட்டையெல்லாம் சேறு என்று கோபங்கொண்டு காலால் அதை அழித்துவிட்டேன். அவன் அழவில்லை. மறுநாள் முதல் கொல்லைப் பக்கமே போகவில்லை. அம்மாவின் கைப்பேசியுடன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டான். வீடு அமைதியாயிற்று என்று நாங்களும் மகிழ்ந்தோம்! அவன் கைகளும் பசியோடிருந்ததை யாரும் காணவில்லை.

அரையாண்டு விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். முதலில் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டோம். நச்சுத்தன்மையுள்ள அரளிச் செடியை வேரோடு எடுத்தோம். வேப்பமர நிழலில் செங்கல் அடுக்கி, வீடு கட்டியதில் மீந்த மணலைக் கொட்டினோம். பூனை அசுத்தம் செய்யாதிருக்க இரவில் மூடிவைக்கப் பழைய தார்ப்பாய் ஒன்று கிடைத்தது. கொட்டாங்கச்சி, சிறு குடம், புனல் ஆகியவற்றை அவன் கைக்கு எட்டும்படி தாழ்ந்த பலகையில் வைத்தோம். ஒரு சிறு பாத்தி அவனுக்கே உரியது. அதில் வெந்தயம் விதைத்தான். சில நாட்களில் முளை வந்ததும் தெருவிலுள்ள பிள்ளைகளையெல்லாம் அழைத்து வந்து காட்டினான். பாட்டி பின்கட்டுத் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொள்கிறார்.

செலவு அதிகமில்லை. கடினமான வேலை ஒன்றுதான்: அவன் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றில் ஊற்றி, சிந்தி, மீண்டும் ஊற்றும்போது குறுக்கிடாமல் இருப்பது. அது எனக்கு இன்னும் முழுதும் கைவரவில்லை.

முடிவுரை

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டில் கொல்லை இல்லாவிடினும் மொட்டைமாடியில் ஒரு மணல் தொட்டியும் இரண்டு பூந்தொட்டிகளும் வைக்கலாமே! நம் தம்பி தங்கையரின் கைகளை வெறுங்கைகளாக விடாதிருப்போம். அதுவே மாண்டிசோரி அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் ஆகும்.