மூலிகையை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுபோன அசீமா சட்டர்ஜி

தோட்டத்து வீட்டு வாசலிலும் கோயில் ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை நாம் பூஜைக்குப் பறிக்கிறோம். சிலர் நீரிழிவுக்கென்று அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும் உண்டு. அந்தச் செடியில் இருக்கும் ஆல்கலாய்டு எனும் பொருள்களை ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர், இந்திய விஞ்ஞானி டாக்டர் அசீமா சட்டர்ஜி.

1917 செப்டம்பர் 23ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். செடி கொடிகள் மீது தந்தைக்கு இருந்த ஆர்வம் மகளுக்கும் வந்தது. வேதியியல் படித்த அசீமா, 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று அந்தப் பட்டத்தை ஒரு பெண்ணுக்கு வழங்கியது அதுவே முதல் முறை.

1947இல் கைக்குழந்தையோடு அமெரிக்கா சென்று ஆய்வு செய்தார். பின்னர் சுவிட்சர்லாந்தில், நோபல் பரிசு பெற்ற பால் காரரிடம் பணியாற்றினார். 1950இல் நாடு திரும்பியபோது, சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இந்தியாவில் ஆய்வுக்கூட வசதிகள் போதவில்லை. மாதிரிகளைச் சோதனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தச் செலவைச் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்த நாள்களும் உண்டு.

அப்படியும் வேலை நிற்கவில்லை. ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி, கழற்சிக்காய் போன்றவற்றிலிருந்து மலேரியா மருந்தும், ஆரைக்கீரை வகை ஒன்றிலிருந்து வலிப்பு நோய்க்கான மருந்தும் அவர் குழுவின் உழைப்பில் உருவாயின. இவை எல்லாம் நம் பாட்டிமாருக்கும் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கும் தெரிந்த பெயர்கள்தாம்.

1967இல் தந்தையையும் கணவரையும் சில மாத இடைவெளியில் இழந்தார். அவரும் நோயில் விழுந்தார். தேறியதும் மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். 1975இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டில் இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் தலைவரானார். 2006 நவம்பர் 22ஆம் தேதி காலமானார்.

நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளைப் பிரித்தெடுத்தவர்கள் கனடா, அமெரிக்க ஆய்வாளர்கள். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் ஊசி வழியே செலுத்தப்படுகிறது. இலையில் அது மிக மிகக் குறைவு. பிரித்து, சுத்திகரித்து, அளந்து கொடுத்தால்தான் அது மருந்து. அளவு தவறினால் நரம்பைப் பாதிக்கும். இலையை அவித்துக் குடித்தால் அதே பலன் கிடைக்காது. அதிலுள்ள நச்சுப் பொருள்கள் உடலுக்குக் கேடு செய்யலாம்.

அசீமா நம் முன்னோரின் மூலிகை அறிவை ஒதுக்கவில்லை. அப்படியே நம்பிவிடவும் இல்லை. சோதித்துப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரியவந்தால், கஷாயத்தை நம்பி மருத்துவமனைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் இருப்பதே அவர் உழைப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.