ம. கோ. இராமச்சந்திரன்

மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் (ஜனவரி 17, 1917 – டிசம்பர் 24, 1987) தமிழ்த் திரைப்பட நடிகரும், இயக்குநரும், அரசியல் தலைவரும் ஆவார். எம். ஜி. ஆர் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இவர், 1977 முதல் இறக்கும் வரை, 1980இல் சில மாதங்கள் நீங்கலாக, தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தார். ஒரு நடிகர் மீது மக்கள் கொண்ட பற்று ஆட்சி அதிகாரமாக மாறியதற்கு இவரது வாழ்வு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

இளமையும் திரைப்படமும்

இலங்கையின் கண்டிக்கு அருகேயுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையின் மறைவுக்குப்பின் குடும்பம் கும்பகோணத்தில் குடியேறியது. வறுமையால் படிப்பைத் தொடர இயலாமல், தமையன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி (1936) படத்தில் சிறு வேடத்தில் அறிமுகமானார். கதாநாயகனாக உயர மேலும் 11 ஆண்டுகள் காத்திருந்தார். அப்படம் ராஜகுமாரி (1947).

1953இல் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார். நாடோடி மன்னன் (1958) படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். படகோட்டி (1964), விவசாயி (1967), ரிக்‌ஷாக்காரன் (1971) முதலிய படங்களில் உழைக்கும் மக்களுள் ஒருவராகத் தோன்றினார். திரையில் மது அருந்துவதையும் புகைப்பதையும் தவிர்த்தார். ரசிகர்கள் பலர் கதாபாத்திரத்தின் நற்குணங்களை நடிகரின் குணங்களாகவே கருதினர்.

பரங்கிமலைத் தேர்தல்

ஜனவரி 12, 1967 அன்று, சென்னையின் தென்மேற்கே இராமாவரம் தோட்ட இல்லத்தில் நடிகர் எம். ஆர். ராதாவால் சுடப்பட்டார். கழுத்தில் குண்டு பாய்ந்ததால் இவரது குரல் நிரந்தரமாக மாறியது. அடுத்த மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில், கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் இடையிலுள்ள பரங்கிமலையைப் பெயராகக் கொண்ட தொகுதியில் இவர் வேட்பாளர். கழுத்தில் கட்டுடன் இவர் இருந்த புகைப்படம் சுவரொட்டிகளில் பரவியது. பிரசாரத்துக்குச் செல்ல இயலாத நிலையிலும் வெற்றி பெற்றார்.

கட்சியும் ஆட்சியும்

1972 அக்டோபரில் திமுகவிலிருந்து நீக்கப்பட்டபின் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். மாநிலமெங்கும் பரவியிருந்த ரசிகர் மன்றங்களே புதிய கட்சிக்கு அடித்தளமாயின. ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் (1970) எடுக்கப்பட்ட காட்சிகளைக் கொண்ட உலகம் சுற்றும் வாலிபன் 1973 மே மாதம் வெளிவந்தது. அதே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் கட்சி வென்றது. 1977இல் ஆட்சியைப் பிடித்தது. 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

1984 அக்டோபரில் நோயுற்று, நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்றார். மருத்துவமனையில் இவர் இருந்த காட்சிகள் படமாக்கப்பட்டுத் தமிழகமெங்கும் திரையிடப்பட்டன. ஆண்டிபட்டியில் இவர் நேரில் வராமலேயே வென்றார். இந்திரா காந்தி கொலையால் எழுந்த அனுதாபமும் காங்கிரசுக் கூட்டணியும் அத்தேர்தலில் துணைநின்றன.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் நடிகர் ரொனால்ட் ரீகன் 1966இல் கலிபோர்னியா ஆளுநராகவும், 1980இல் குடியரசுத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜப்பானில் நடிகை யமகுச்சி யோஷிகோ 1974இல் மேலவை உறுப்பினரானார். இவ்விருவரும் முன்பே வேரூன்றிய கட்சிகளின் சார்பில் போட்டியிட்டவர்கள். தமிழ்நாட்டிலோ ரசிகர் அமைப்பிலிருந்தே ஆளுங்கட்சி ஒன்று வளர்ந்தது.

மறைவு

டிசம்பர் 24, 1987 அன்று இராமாவரம் இல்லத்தில் காலமானார். துயரம் தாளாமல் ரசிகர்கள் சிலர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். சென்னையில் வன்முறையும் நிகழ்ந்தது. 1988இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. இவரது உயிலின்படி இராமாவரம் தோட்டத்தில் செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளி நிறுவப்பட்டது.