உள்ளங்கையில் பாடம் படித்த ஹெலன் கெல்லர் அம்மா

இந்த மலரில் ஹெலன் கெல்லர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

அவங்க 1880 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிறந்தாங்க. 19 மாதக் குழந்தையா இருக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, ஆனால் பார்வையும் காதும் போயிடுச்சு. பேச்சும் வரவில்லை. தான் நினைக்கிறதைச் சொல்ல முடியாமல் குழந்தை கோபத்தில் கத்தும், உதைக்கும். வீட்டுச் சமையல்காரம்மாவின் மகள்தான் ஜாடை புரிஞ்சுக்கிட்டு கூட விளையாடினாள்.

1887 மார்ச்சில் ஆன் சல்லிவன் என்ற டீச்சர் வந்தாங்க. வயசு 20தான். அவங்களும் சின்ன வயசில் பார்வை பாதிக்கப்பட்டு, ஏழைகள் விடுதியில் கஷ்டப்பட்டவங்க. குழந்தையின் உள்ளங்கையில் விரலாலேயே ஒவ்வொரு எழுத்தா காட்டினாங்க. ஒரு மாசம் ஆகியும் அர்த்தம் புரியவில்லை. ஒருநாள் அடிபம்பில் தண்ணி அடிச்சு, ஒரு கையில் தண்ணி விழ, இன்னொரு கையில் அதன் பேரை எழுதினாங்க. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பேர் இருக்குன்னு அந்த நிமிஷம்தான் குழந்தைக்குப் புரிந்தது.

காலேஜிலும் டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடத்தைக் கையில் எழுதினாங்க. 1904இல் ஹெலன் அம்மா பட்டம் வாங்கினாங்க. பார்வையும் காதும் இல்லாதவர் பி.ஏ. பட்டம் வாங்கியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

தான் படிச்சாப் போதும்னு அவங்க இருக்கவில்லை. பிறந்த குழந்தைகளின் கண்ணில் வரும் தொற்றை சொட்டு மருந்தால் தடுக்கலாம் என்று, வெளியில் பேசக் கூச்சப்பட்ட காலத்திலேயே 1907இல் பெண்கள் பத்திரிகையில் எழுதினாங்க. பெண்களுக்கு ஓட்டுரிமை, தொழிலாளிக்கு நியாயம், பார்வையற்றவருக்குப் படிப்பும் வேலையும் கேட்டு 40 வருஷத்துக்கு மேல் பாடுபட்டாங்க. 1955இல் இந்தியாவுக்கு வந்து பிரதமர் நேருவையும் பார்த்தாங்க. 1968 ஜூன் 1 அன்று காலமானாங்க.

நம்ம பக்கத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்காங்க. ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து சில வீட்டில் வெளியே கூட்டி வருவதே இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வை, காது இரண்டும் பாதித்தவங்களுக்கும் உண்டு. முட்டுக்காட்டில் இவங்களையும் சேர்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவங்களுக்காக 2005இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இருக்கு. தாம்பரத்திலிருந்து ரொம்ப தூரமில்லை.

அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில், நம்ம தெருவில் அப்படி யாராவது இருக்காங்களான்னு விசாரிக்கணும். அடையாள அட்டை இல்லைன்னா வாங்க உதவணும். அந்தத் தாய் தனியாப் போகத் தயங்கினால், நம்மில் ஒருத்தர் கூடப் போகணும்.