தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன்

நூற்றாண்டு மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, நீரிழிவு பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். அதைப் பற்றிக் கிளினிக்கில் தினமும் பேசித் தொண்டை வரள்கிறோம். மலரிலும் வேண்டாம் என்று தோன்றியது. ஆகவே நாம் நெடுநாளாக மனதில் வைத்திருக்கும் ஒரு வைத்தியரின் வாழ்க்கையை எழுதுகிறோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க்கின் மத்திய பூங்கா உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர். தம்பி அதே நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க மிஷனின் ஊழியராக யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார். அப்போது வயது இருபத்துநான்கு. மதம் பரப்பும் நோக்கத்தோடும்தான் அவர் வந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. இம்மலரைப் படிக்கும் சகோதரிகளில் அநேகர் சைவர்களும் இஸ்லாமியரும். அவர்களும் இவரை அறிந்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு.

வட்டுக்கோட்டையில் சில மாதங்கள் இருந்துவிட்டு, 1848இல் மானிப்பாயில் சிறியதொரு வைத்தியசாலையைத் தொடங்கினார். குடாநாடு முழுவதிலுமிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். தனியொருவர் பார்த்து முடிகிற கூட்டமல்ல அது. எனவே அதே ஆண்டில் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் பாடம் நடந்திருக்கிறது.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். இங்கேதான் சிக்கல் வந்தது. நன்றாகப் படித்துத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் மாதச் சம்பளத்தையும் நாடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. ஆனால் கிராமத்தில் வாந்திபேதி கண்டு கிடந்தவனுக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. கிறீன் ஒரு கணக்குப் போட்டார். தமிழில் படித்தவர் ஊரிலேயே இருப்பார்; நோயாளியின் பேச்சு அவருக்கு விளங்கும், அவர் சொல்வது நோயாளிக்கு விளங்கும்; ஊரவரால் கொடுக்க முடிந்ததை வாங்கிக்கொண்டு தொழில் செய்வார். வைத்தியம் மலிவாக வேண்டுமென்றால் வைத்தியர் ஊரோடு இருக்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம். மாணவர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தம் முன்னேற்றத்துக்கு வழி அடைபடுகிறதே என்று அவர்கள் வருந்தியதிலும் நியாயம் உண்டு. கிறீன் தம் எண்ணத்தை மாற்றவில்லை. 1864 முதல் மானிப்பாயில் வைத்தியக் கல்வி தமிழில் நடந்தது.

கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! அதற்கான வேலையை அவர் முன்னரே தொடங்கியிருந்தார். பிரசவ வைத்தியம் 1857இல் அச்சாயிற்று. உடல்நலக் குறைவால் ஊர் திரும்பி, 1862இல் மணம் முடித்து மனைவியோடு மீண்டும் வந்த பிறகு இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. மாணவர்களும் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள். எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். தமிழில் வழங்கும் சொல் இருந்தால் அதையே எடுப்பது, இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவது, அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் வகுத்த ஒழுங்கு. கலைச்சொல் தொகுதிகளும் அச்சிட்டார். மாணவர்கள் மேனாட்டு உடைக்கு மாறாமல் தம் ஊர் உடையிலேயே இருக்கவேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்.

2002இல் ஏ9 பாதை திறந்த பின்னர், யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்துக்கொண்டிருந்த நாம் ஒரு நாள் சைக்கிளில் மானிப்பாய் போனோம். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் வாசலில் நின்றபோது, பரீட்சை முடிந்தால் போதும் என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. அவர் யாரென்பது விளங்கியது பயிற்சிக் காலத்தில்தான். அப்போது நாம் பணிபுரிந்த ஓரிடத்தில் ஒரு ஆச்சி சீனி இறங்கி மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார். காலைக்கும் இரவுக்குமான குளிசைகளை ஒரே நேரத்தில் விழுங்கியிருந்தார். மருந்து உறையில் இருந்தவை இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டுமே. எழுதியது நாமே. ஆச்சி பிழைத்துக்கொண்டார், தன் மேல்தான் பிழை என்று எம்மிடம் மன்னிப்பும் கேட்டார். அன்றிலிருந்து உறையில் தமிழில் எழுதுகிறோம்.

1873இல் கிறீன் நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். அதன்பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் படித்தால்தான் உத்தியோகம் என்றான பிறகு, தமிழில் படிக்க யார் வருவார்? அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கியிருந்தார். எல்லோரும் ஆண்கள். பெண்களுக்குக் கொழும்பு மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்க 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரசவ வைத்தியத்தைத் தமிழில் தந்தவர், அதைப் படிக்க ஒரு பெண்ணையாவது சேர்த்திருக்கலாம் என்ற குறை எமக்கு உண்டு.

1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் எடுபட்டது. இன்று திருக்கோவில் ஆதார வைத்தியசாலைக்கு வருபவர் மருந்துக்குப் பணம் கட்டுவதில்லை. ஆனால் விசேட வைத்தியரைக் காணக் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ போகவேண்டியவர், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இழக்கிறார். கடலுக்குப் போகும் வீட்டில் அது சிறிய தொகையல்ல. எம் கரைக்கு நியமனம் பெற்று வருபவர்கள் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தபடியே வருகிறார்கள். கிறீன் போட்ட கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. வைத்தியம் படித்த எம் கல்லூரித் தோழியரில் சிலர் கொழும்பில், சிலர் கடல் கடந்து. நாமும் ஆறு வருடம் வெளியில் இருந்துவிட்டுத்தான் திரும்பினோம்.

ஊர் திரும்பிய கிறீன், வூஸ்டரில் குடும்பக் காணியில் வாழ்ந்தபடி பதினொரு ஆண்டுகள் தமிழ்ப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. தமிழ் பேச ஆளில்லாத ஊரில் குளிர்காலத்தில் அமர்ந்து அவர் அதைச் செய்ததை நினைக்க ஏதோ செய்கிறது. 1884 மே 28ஆம் திகதி காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்குமாறு அவர் கேட்டிருந்தார்.