முத்துமாலையும் காசி மடமும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் மார்க்கத்தில் தாமிரபர்ணியைக் கடந்தவுடன் ஆத்தூர் வருகிறது. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் சோமநாதர் ஆலயத்துக்கும் பேர்போன ஊர். பாண்டியரின் பழைய துறைமுகமாகிய கொற்கையும், ஆறு சமுத்திரத்தோடு கலக்கும் புன்னைக்காயலும் அண்மையிலேயே உள்ளன. இக்கடலில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் முத்துமாலை ஒன்றைப் பற்றிய சரித்திரம் இக்கரையில் இன்னும் மறக்கப்படவில்லை. இதே ஆற்றங்கரையில், மேற்கே ஸ்ரீவைகுண்டத்தில், 17-ஆம் நூற்றாண்டில் பிறந்த குமரகுருபர ஸ்வாமிகளின் சரித்திரமே நாம் கூறவருவது.

தந்தை சண்முகசிகாமணிக் கவிராயர், தாய் சிவகாமசுந்தரி. குழந்தைக்கு ஐந்து வயது வரையில் பேச்சு வரவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்று முருகன் சந்நிதியில் விரதங் காத்தனர் என்றும், அங்கே வாய் திறந்த பிள்ளை கந்தர் கலிவெண்பாவைப் பாடினான் என்றும் மரபு கூறும்.

வாலிபப் பருவத்தில் அவர் மதுரை சென்றார். அப்போது அங்கே ஆண்டவர் திருமலை நாயக்கர் (1623–1659). மன்னரின் முன்னோர் தெலுங்கு பேசியவர். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரேயுள்ள புதுமண்டபம் அவருடைய கைங்கரியம். அக்கோயிலில் அம்மனைத் தரிசித்த பின்னரே சுந்தரேசுவரரைத் தரிசிப்பது வழக்கம். மதுரையில் ஆட்சி அம்மனுடையது என்பது பாண்டி நாட்டாரின் தீர்மானம். இது நேற்று எழுந்த எண்ணமன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், தென்னாட்டை ஒரு மகள் ஆண்டதாகவும், அவளை அலங்கரிக்கவே தந்தை கடல் முத்தைத் தேடியெடுத்ததாகவும் கேள்விப்பட்டார். அவருடைய நூல் அழிந்துபோயினும், பின்வந்த அர்ரியன் என்ற ஆசிரியர் அச்செய்தியைக் காப்பாற்றி வைத்தார்.

அந்த அரசியைச் சிறு குழந்தையாகப் பாவித்து, காப்பு முதல் ஊசல் வரை பத்துப் பருவங்களாகக் குமரகுருபரர் இயற்றியதே மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். அம்மன் சந்நிதியில், மன்னர் முன்னிலையில் அது அரங்கேறிற்று. அரங்கேற்றம் நடக்கையில் அர்ச்சகரின் மகள் வடிவில் அம்மனே வந்து மன்னர் மடியில் அமர்ந்தாள், அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்து மறைந்தாள் என்பர். முத்தம் என்ற சொல் தமிழில் முத்துக்கும் பெயர். முத்தப் பருவம் பாடிய புலவருக்கு முத்துமாலை பரிசாகக் கிடைத்ததாக ஜனங்கள் சொல்லி வந்ததில் நயமிருக்கிறது. வந்தது அம்மனோ, அர்ச்சகர் மகளோ, அவ்வாராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. மன்னர் வேண்ட, அவர் பின்னர் 102 பாடல்களில் நீதிநெறி விளக்கம் இயற்றிக் கொடுத்தார். அரசவை நிழலில் ஆயுள் முழுவதும் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் அங்கே தங்கவில்லை.

வாக்கு எங்கே தடைப்படுகிறதோ அங்கே குரு இருப்பார் என்று அவருக்கு உணர்த்தப்பட்டிருந்தது. தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகர் பெரியபுராணப் பாட்டொன்றுக்கு அநுபவப் பொருள் கேட்டபோது, சபைகளை வென்ற நா அடங்கிப் போயிற்று. அவரையே சரணடைந்தார். குரு காசி யாத்திரையைக் கட்டளையிட்டுப் பிறகு சிதம்பர வாசத்தை விதித்துச் சந்நியாசம் அளித்தார். ஆனால் காசி அவரை விடவில்லை.

காசியில் தென்னாட்டு யாத்திரிகருக்கு ஒரு நிலையான இடம் வேண்டும் என்று அவர் கருதினார். இடம் தரும் அதிகாரம் முகலாயரிடம் இருந்தது. அவர்களுடைய பாஷை இவருக்குத் தெரியாது. துபாஷி ஒருவரைப் பிடித்துக் காரியத்தை முடித்துக்கொண்டிருக்கலாம். அவரோ கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடி, ஹிந்துஸ்தானியில் தேர்ந்து, அதிகாரியோடு நேருக்கு நேர் பேசி இடம் பெற்றார். சிங்கத்தின் மீதேறி தர்பாருக்குச் சென்றார் என்ற கதையைத்தான் நம்மவர் அதிகம் ரசிக்கின்றனர். நமக்கோ அவர் பாஷை கற்றதே சிங்கத்தைக் காட்டிலும் பெரிய ஆச்சரியம். தாமிரபர்ணித் தமிழர் ஒருவர் அந்நிய தர்பாரில் தம் வாயாலேயே தம் ஜனங்களின் உரிமையைக் கேட்டிருக்கிறார். அதனால் அவர் தமிழ் குறைந்ததா? காசிக் கலம்பகத்தைப் படித்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். பிற பாஷையைக் கற்றால் தமிழ் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோரும், தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால் தமிழுக்கு வேலையில்லை என்று எண்ணுவோரும் இன்றும் நம்மிடையே உள்ளனர். இரு சாராரும் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம்.

கங்கைக் கரையில், கேதார கட்டத்தில், குமாரசாமி மடம் எழுந்தது. கம்ப ராமாயணத்தை அவர் ஹிந்துஸ்தானியில் பிரசங்கித்தார் என்றும், அதைத் துளசிதாசர் கேட்டார் என்றும் சொல்வதுண்டு. பிரசங்கம் நடந்திருக்கலாம். துளசிதாசர் காலமானது 1623-இல். திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ஆகையால் பின்னதை நாம் ஒப்புவதற்கில்லை. ஸ்வாமிகளின் பெருமைக்கு அந்த ஜோடனை தேவையுமில்லை.

பொருள் சேர்ந்தபின் ஒருமுறை தெற்கே வந்து அதைக் குருவிடம் சமர்ப்பித்தார். காசியிலேயே அறத்துக்குச் செலவிடுமாறு குரு பணிக்க, திரும்பிச் சென்று அங்கேயே வாழ்ந்து மறைந்தார். அவர் வழிவந்த தில்லைநாயக ஸ்வாமிகள் 1720-இல் திருப்பனந்தாளில் காசி மடத்தை ஸ்தாபித்தார். அம்மடத்தின் ஆதரவில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் குமரகுருபரரின் பிரபந்தங்களை ஆராய்ந்து 1939-இல் வெளியிட்டார்.

1898-இல், இதே ஜில்லாவின் எட்டயபுரத்திலிருந்து இன்னொரு வாலிபர் காசிக்குப் போனார். கேதார கட்டத்துக்குச் சிறிது நடைதூரத்திலுள்ள ஹநுமான் கட்டத்தில் அத்தை வீட்டில் தங்கி, ஹிந்தியும் ஸம்ஸ்கிருதமும் கற்று, 1902-இல் ஊர் திரும்பினார். அவர் பெயர் சுப்பிரமணிய பாரதி.